'திருடன்' பட்டமும் உலகப் பட்டமும்

2004 பிப்ரவரி 15. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரை ஒட்டிய 'கவ் பேலஸ்' அரங்கில், 5 அடி 8 அங்குல உயரமுள்ள ஒருவர், 6 அடி 3 அங்குல உயரமுள்ள பிராக் லெஸ்னரைச் சாய்த்து டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் பட்டத்தை வென்றார். வென்றவர் எடி குரேரோ. மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் அந்த நிறுவனத்தின் உச்சப் பட்டத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை.

அந்த உயரத்துக்கு அவர் ஏறிவந்தது 'திருடன்' வேடத்தில். பொய், ஏமாற்று, திருட்டு ஆகிய மூன்றும் எங்கள் குடும்பத் தொழில் என்று மேடையில் சொல்லிச் சிரிக்கும் வேடம் அது. உண்மையில் அவருடைய குடும்பத் தொழில் மல்யுத்தம். அப்பா மல்யுத்த வீரர், மூன்று அண்ணன்களும் மல்யுத்த வீரர்கள், தாய்மாமனும் மல்யுத்த வீரர்.

ஒரு சமூகத்தின் மேல் 'திருடன்' என்ற பெயரை ஒட்டுவது என்றால் என்ன என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லாத வாசகர்கள் நீங்கள். அந்தப் பெயரையே தோளில் போட்டுக்கொண்டு ரசிகர்களை எழுந்து நிற்க வைத்த ஒரு மனிதனின் கதை இது. அவர் கொடுத்த விலையும் இந்தக் கதையில் உண்டு.

நிஜம் எது, நாடகம் எது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் இந்தத் தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடும். யார் ஹீரோ, யார் வில்லன் என்பதையும் நிறுவனமே தீர்மானிக்கும். ஒலிம்பிக் மல்யுத்தம் வேறு, இது வேறு.

ஆனால், உயரத்திலிருந்து விழுவது நிஜம். முதுகில் வாங்கும் அடி நிஜம். பல நேரங்களில் ரத்தமும் நிஜம். எதிராளியின் எலும்பு முறியாமல் அவனைத் தூக்கி எறியவும், தன் கழுத்து முறியாமல் விழவும் பல வருடப் பயிற்சி வேண்டும். அந்த வித்தையில் எடி குரேரோ தன் தலைமுறையின் முன்வரிசைக்காரர் என்பதில் அந்தத் துறையினரிடம் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை.

முடிவை நிறுவனம் எழுதுகிறது என்பதால்தான் இந்தக் கதை கவனிக்கத்தக்கது. திறமை ஒருவனிடம் இருக்கிறது. அவன் யார் என்று ஊருக்குச் சொல்லும் உரிமையோ வேறொருவர் கையில் இருக்கிறது.

பாலத்தின் இந்தப் பக்கம்

எடி பிறந்தது 1967 அக்டோபர் 9-ல், டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில். நடுவில் ஓர் ஆறு. இந்தக் கரையில் அமெரிக்காவின் எல் பாசோ, அந்தக் கரையில் மெக்சிகோவின் ஹுவாரஸ். இரண்டையும் பாலங்கள் இணைக்கின்றன. அந்தக் கரையிலிருந்து ஏராளமானோர் வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் தினமும் இந்தக் கரைக்கு வருவார்கள்.

அந்தப் பாலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1917-ல், மெக்சிகோக்காரர்கள் அழுக்கானவர்கள், நோய் கொண்டுவருகிறவர்கள் என்று சொல்லி, பாலம் கடப்பவர்களின் உடைகளைக் களையச் சொல்லி, மண்ணெண்ணெய் கலந்த திரவத்தால் உடம்பையும் தலையையும் கழுவவைத்தார்கள் அமெரிக்க அதிகாரிகள். அந்த ஆண்டு ஜனவரி 28-ம் தேதி காலையில், வீட்டுவேலைக்கு வந்துகொண்டிருந்த கார்மெலிட்டா டோரஸ் என்ற 17 வயதுப் பெண் "முடியாது" என்று நின்றுவிட்டார். உடன் வந்த பெண்களும் நின்றார்கள். மதியத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் பாலத்தை அடைத்துவிட்டார்கள். போராட்டம் ஒடுக்கப்பட்டது. மருந்தடிக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

எடி பிறந்தது இதற்கு 50 ஆண்டுகள் கழித்து. முன்பு 'அழுக்கு' என்று ஒட்டப்பட்ட பெயர், அவர் காலத்துத் தொலைக்காட்சியில் 'திருடன்' என்று மாறியிருந்தது.

அப்பா கட்டிய களம்

எடியின் அப்பா கோரி குரேரோ, அரிசோனா மாநிலத்தில் ரே என்ற சுரங்க ஊரில் 1921-ல் பிறந்தவர். 1937-ல் மெக்சிகோவில் மல்யுத்தக் களத்தில் இறங்கினார். 'லூச்சா லிப்ரே' என்பது மெக்சிகோவின் மல்யுத்தம். முகமூடி, பறந்து பாயும் வித்தை, நல்லவன் கெட்டவன் கதை எல்லாம் கலந்தது. அங்கே சினிமா நட்சத்திரங்களுக்கு இணையான மதிப்பு மல்யுத்த வீரர்களுக்கு உண்டு. வெள்ளி முகமூடி அணிந்த எல் சாண்டோ அந்த நாட்டின் பெருநாயகன். அவரும் கோரியும் ஜோடியாக விளையாடினார்கள். 'அணு ஜோடி' என்று அவர்களுக்குப் பெயர். எதிராளியை முதுகில் தொங்கவிட்டு மடக்கும் ஒரு பிடி இன்றும் 'கோரி ஸ்பெஷல்' என்றே அழைக்கப்படுகிறது.

பிற்காலத்தில் கோரி எல் பாசோவில் குடியேறி, தானே போட்டிகளை நடத்தினார். மூத்த பிள்ளைகள் சாவோ, மாண்டோ, ஹெக்டர் மூவரும் களத்துக்குப் போனார்கள். கடைக்குட்டி எடி. மூத்த அண்ணனின் மகன் சாவோ ஜூனியர் இவரைவிட மூன்று வயதுதான் இளையவர். பெரியவர்களின் போட்டிக்கு நடுவே இடைவேளை விடும்போது, சித்தப்பனும் மகனுமாக இந்த இரண்டு சிறுவர்களும் ரிங்குக்குள் ஏறிச் சண்டை போட்டுக் காட்டுவார்களாம். மற்றப் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடிய வயதில், இவர்கள் விழக் கற்றுக்கொண்டார்கள்.

கல்லூரியிலும் எடி மல்யுத்த உதவித்தொகையில் படித்தார். 1987-ல் மெக்சிகோ போய் தொழிலைத் தொடங்கினார்.

அங்கே அமெரிக்கன், இங்கே மெக்சிகன்

இனி வருவதைக் கவனியுங்கள். ஒரே ஆள், நாட்டுக்கு நாடு வேறு வேறு பெயர்.

மெக்சிகோவில் 1990-களின் தொடக்கத்தில் எடிக்குக் கிடைத்தது துரோகி வேடம். ஆர்ட் பார் என்ற வெள்ளை அமெரிக்கருடன் சேர்த்து 'வெறிபிடித்த வெள்ளைக்காரர்கள்' என்ற பொருளில் 'லாஸ் கிரிங்கோஸ் லோகோஸ்' என்று பெயர் வைத்தார்கள். டெக்சாஸில் பிறந்தவர் என்பதால் மெக்சிகோவின் ரசிகர்களுக்கு அவர் அமெரிக்காவின் ஆள். அரங்கமே எழுந்து திட்டும். அந்தத் திட்டுதான் அவருக்குச் சம்பளம்.

1994 நவம்பர் 6-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு போட்டி. எடி, ஆர்ட் பார் ஜோடிக்கு எதிரே ஆக்டகான், எல் இஹோ டெல் சாண்டோ ஜோடி. இஹோ என்றால் மகன். ஆம், எல் சாண்டோவின் மகன்தான். அப்பாக்கள் இருவரும் ஒரே ஜோடி. பிள்ளைகள் எதிரெதிர் அணி. தோற்றால் அவர்கள் முகமூடியை இழக்க வேண்டும், இவர்கள் தலைமுடியை இழக்க வேண்டும் என்பது பந்தயம். எடி ஜோடி தோற்றது. தலைமுடி போனது. லூச்சா லிப்ரே வரலாற்றின் மிகச் சிறந்த போட்டிகளில் ஒன்று என அது இன்றும் பேசப்படுகிறது.

போட்டி நடந்து இரண்டே நாளில், நவம்பர் 8 அன்று, அதே கலிபோர்னியாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களுக்கு அரசுப் பள்ளியும் அவசரமற்ற மருத்துவமும் கிடையாது என்ற 187-வது தீர்மானம் அதில் நிறைவேறியது. பின்னர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அரங்கத்தில் 'வெள்ளைக்காரர்' தோற்றதைப் பார்த்து மக்கள் ஏன் அப்படிக் கொண்டாடினார்கள் என்பதை இந்தத் தேதியோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

அதே மாதத்தில் ஆர்ட் பார் இறந்துபோனார். அவர் பாணியில் கயிற்றுக் கம்பத்தின் உச்சியிலிருந்து தவளைபோல் உடலைச் சுருக்கி விரித்துப் பாயும் அடியை, நண்பனின் நினைவாக எடி தன் முத்திரை அடியாக எடுத்துக்கொண்டார். அதுதான் 'ஃப்ராக் ஸ்பிளாஷ்'.

ஜப்பானில் வேறு கதை. அங்கே 1993 முதல் 'பிளாக் டைகர்' என்ற முகமூடி. அதை அவருக்கு முன் அணிந்திருந்தவர் ஓர் ஆங்கிலேயர். முகம் தெரியாது, ஊர் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது வித்தை மட்டும்தான். 1996-ல் இளைய எடைப் பிரிவின் பெரிய தொடரான 'பெஸ்ட் ஆஃப் தி சூப்பர் ஜூனியர்ஸ்' கோப்பையை அங்கே வென்றார்.

அமெரிக்காவில் 1995-ல் முதலில் பிலடெல்பியாவின் இ.சி.டபிள்யூ., பிறகு டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம். 1997 அக்டோபரில் ரே மிஸ்டீரியோவுடன் அவர் ஆடிய ஆட்டத்தை மல்யுத்தம் கற்கும் பிள்ளைகள் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஆனாலும் மெக்சிகோ வீரர்களுக்குக் கிடைத்தது நிகழ்ச்சியின் முதல் பாதிதான். கடைசி ஆட்டமும் பெரிய பணமும் பருத்த உடம்புக்காரர்களுக்கு.

1998-ல் இந்த வருத்தத்தையே நிறுவனம் கதையாக்கியது. லத்தீன் வீரர்களுக்கு வாய்ப்பு தருவதில்லை என்று எடி முதலாளியை எதிர்த்துக் கேட்பதாகவும், 'லத்தினோ வேர்ல்டு ஆர்டர்' என்று ஓர் அணி திரட்டுவதாகவும் காட்டினார்கள். குறை நிஜம், அதைச் சொல்லும் அனுமதி மட்டும் நாடகத்துக்குள். 1999 புத்தாண்டு நாளில் எடி கார் விபத்தில் படுகாயம் அடைந்தார். கதையும் அத்தோடு முடிக்கப்பட்டது.

வேடத்துக்குள் ஒரு வேலை

2000-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்துக்கு வந்தார். அதுதான் பின்னாளில் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. விபத்துக்குப் பின் வலி மாத்திரை, அதோடு மது என்று பழக்கம் முற்றியிருந்தது. 2001-ல் நிறுவனம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பியது. அந்த ஆண்டு நவம்பரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி கைதானார். வேலை போனது. குடும்பத்தை விட்டும் பிரிந்திருந்த காலம் அது. எதையும் மறைக்காமல் தன் சுயசரிதையில் இதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார்.

குடியை விட்டார். சிறிய அரங்குகளில் மீண்டும் ஆடினார். 2002 ஏப்ரலில் அதே நிறுவனம் திரும்ப அழைத்தது. அண்ணன் மகன் சாவோ ஜூனியருடன் 'லாஸ் குரேரோஸ்' ஜோடி உருவானது. அப்போதுதான் அந்தத் திருட்டுக் குடும்ப வேடம் வந்தது. பணக்காரர் வீட்டுக்குள் புகுந்து ஏய்ப்பதுபோல் காட்சிகள் எடுத்து ஒளிபரப்பினார்கள்.

மறுக்கலாம். மறுத்தால் வேலை இல்லை. எடி வேறு ஒன்று செய்தார்.

அவருடைய புகழ்பெற்ற தந்திரம் ஒன்று உண்டு. நடுவர் திரும்பி நிற்கும்போது இரும்பு நாற்காலியை எதிராளியிடம் தூக்கிப் போடுவார். எதிராளி தன்னையறியாமல் பிடித்துவிடுவான். உடனே எடி அடிபட்டவர்போல் 'ஐயோ' என்று தரையில் விழுவார். நடுவர் திரும்புவார். கையில் நாற்காலியோடு நிற்பவன் மேல் பழி. அரங்கமே சிரிக்கும்.

ரசிகர்கள் ஏன் சிரித்தார்கள்? எடி ஏமாற்றியது எப்போதும் தன்னைவிடப் பெரியவனை, பலசாலியை. விதிகள் எல்லாம் பெரியவனுக்குச் சாதகமாக இருக்கும் இடத்தில், சின்னவன் மூளையைப் பயன்படுத்தினால் அதன் பெயர் திருட்டா, சாமர்த்தியமா? நிறுவனம் வில்லனாக எழுதியவரை மக்கள் ஹீரோவாக்கிவிட்டார்கள்.

மேடைக்கு அவர் வந்தது 'லோரைடர்' காரில். தரையோடு தாழ்ந்து, நினைத்தபோது துள்ளிக் குதிக்கும்படி மாற்றியமைத்த பழைய கார் அது. அமெரிக்காவின் மெக்சிகன் குடியிருப்புகளில் உழைக்கும் இளைஞர்கள் தங்கள் கையாலேயே வளர்த்தெடுத்த கலை. அவர் எழுப்பிய முழக்கம் 'விவா லா ராசா'. 'நம் மக்கள் வாழ்க' என்று பொருள். 1960-களில் அமெரிக்காவில் உரிமை கேட்டுத் திரண்ட மெக்சிகன் வம்சாவளியினர் தெருவில் எழுப்பிய முழக்கம் அது. அதைக் கோடிக்கணக்கானோர் பார்க்கும் நிகழ்ச்சிக்குள் வாரம் தவறாமல் கொண்டுவந்தார். வேடம் நிறுவனத்துடையது, காரும் முழக்கமும் தெருவுடையவை.

பட்டமும் பாரமும்

இப்படித்தான் 2004 பிப்ரவரி 15 வந்தது. ஃப்ராக் ஸ்பிளாஷ் அடித்து வென்ற எடி, பட்டத்தோடு கூட்டத்துக்குள் பாய்ந்தார். அடுத்த மாதம் நியூயார்க்கில் நடந்த 20-வது ரெஸில்மேனியாவில் ஒலிம்பிக் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிளைத் தோற்கடித்துப் பட்டத்தைத் தக்கவைத்தார்.

பிறகு நிறுவனம் அவருக்கு எதிரியாக நிறுத்தியது ஜே.பி.எல். என்ற டெக்சாஸ் பணக்காரன் வேடத்தை. அந்த ஆள் எல்லைக்குப் போய், மெக்சிகோவிலிருந்து வருகிறவர்களை வேட்டையாடுவதுபோல் ஒரு காட்சி எடுத்து ஒளிபரப்பினார்கள். டிக்கெட் விற்பதற்காக ஒரு சமூகத்தின் நிஜமான அச்சத்தைக் கதையாக்கினார்கள். மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஆட்டத்தில் எடியின் நெற்றியிலிருந்து கொட்டிய ரத்தம் பார்த்தவர்களை உறைய வைத்தது. ஜூன் 27-ல் பட்டம் ஜே.பி.எல். கைக்குப் போனது. எடியிடம் அது இருந்தது நாலரை மாதம்.

2005 நவம்பர் 13 காலை, மினியாபொலிஸ் நகரின் ஓட்டல் அறையில் எடி மயங்கிக் கிடந்தார். கண்டது சாவோ ஜூனியர். சிறு வயதில் இடைவேளைகளில் கூடச் சண்டை போட்டுக் காட்டிய அதே பிள்ளை. எடிக்கு வயது 38. இதய நாளங்கள் குறுகியதால் வந்த திடீர் இதயச் செயலிழப்பு என்றது பரிசோதனை. அவர் போதையை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. உடம்பு பழைய கணக்கை மறக்கவில்லை. மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவர் இறந்து சில மாதங்களில், 2006 பிப்ரவரியில், வீரர்களுக்கு இதயப் பரிசோதனையும் போதை மருந்துச் சோதனையும் கட்டாயமாக்கும் திட்டத்தை நிறுவனம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அவருக்குப் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தது. ஆனால் அந்த வீரர்கள் சட்டப்படி நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல, 'தனி ஒப்பந்ததாரர்கள்'. ஆண்டு முழுக்க ஒரே முதலாளிக்காக ஊர் ஊராகப் பயணம் செய்து உடம்பை அடகு வைத்தாலும், ஊழியருக்கு உரிய மருத்துவக் காப்பீடு இல்லை. தொழிற்சங்கம் இல்லை. இன்றுவரை அதுதான் நிலை.

மிச்சம் இருப்பது

2023-ல் ரே மிஸ்டீரியோ தலைமையில் 'லத்தினோ வேர்ல்டு ஆர்டர்' அணி டபிள்யூ.டபிள்யூ.இ. மேடையில் மீண்டும் வந்தது. 25 ஆண்டுகளுக்கு முன் ஒரு குறையைச் சொல்வதற்காகப் பிறந்த பெயர், இன்று பனியனில் அச்சாகி விற்பனையாகிறது. லாபம் யாருக்கு என்று கேட்பது தவறில்லை. அதே நேரம், அந்தப் பனியனை அணிந்து அரங்குக்கு வரும் மெக்சிகன் பிள்ளைகள் வெட்கத்தோடு வரவில்லை என்பதும் உண்மை.

எடியின் கதையிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. ஒன்று, அப்பாவிடமிருந்து அவர் பெற்ற வித்தை. அதை எந்த நிறுவனமும் எழுதித் தரவில்லை; எந்தப் பெயரை மேலே ஒட்டினாலும் அது குறையவுமில்லை. மெக்சிகோவில் துரோகி, ஜப்பானில் முகமூடி, அமெரிக்காவில் திருடன். மூன்று இடத்திலும் விழுந்து எழுந்த உடம்பு ஒன்றுதான்.

இன்னொன்று, அந்த உடம்பின் கணக்கு. கைதட்டல் எவ்வளவு பெரிதானாலும், காப்பீடும் ஓய்வும் சங்கமும் இல்லாத உழைப்பு 38 வயதில் ஒரு ஓட்டல் அறையில் முடிந்துபோக முடியும். வித்தையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த குடும்பங்கள் நிறைய. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் அதே அளவு அவசியம்.